பதிப்புகள் மாறும், பதிவேடு நிலைக்க வேண்டும்



ஆமத்தூரில் இருந்துகொண்டு நாங்கள் மூவர், விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட ஒரு ஜமாஅத்தின் பதிவேட்டு மென்பொருளைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பராமரித்து வருகிறோம். மஹல்லாவின் குடும்பங்கள், மாதச் சந்தா, நிக்காஹ் தப்தர், மய்யித்துப் பதிவு, பைத்துல்மால் உதவி பெறுவோர் பட்டியல் ஆகியவை அதில் உள்ளன. பள்ளிவாசல் அலுவலகத்துக் கணினியில் இயங்கும் எளிய மென்பொருள் அது. இணையம் இல்லாவிட்டாலும் திறக்கும். மின்சாரம் வந்துவிட்டால் போதும்.

எங்களிடம் இரண்டு கேள்விகள் மாறிமாறி வரும். பெரியவர்கள், "தம்பி, நல்லா ஓடிக்கிட்டிருக்கு. அதை ஏன் தொடணும்?" என்பார்கள். கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளைகளோ, "புதுப் பதிப்பு வந்தாச்சே, இன்னும் ஏன் பழசுலயே இருக்கீங்க?" என்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே. இரண்டுக்கும் சேர்த்து விடை சொல்லவே இந்தக் கட்டுரை. கணினி அறியாதவரும் படிக்கும்படி எழுத முயன்றிருக்கிறோம். ஏனெனில், இதில் முடிவெடுக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் கணினி அறியாத நிர்வாகிகளே.

பிரேம்வொர்க் என்பது யாது?

நம் பகுதியிலிருந்தே ஓர் உவமை சொல்லலாம். சிவகாசியில் ஒரு கடைக்காரர் தினசரி நாட்காட்டிக்கு ஆர்டர் கொடுக்கிறார். முந்நூற்று அறுபத்தைந்து தாள்களையும் அவருக்கென்று தனியாக எவரும் அச்சிடுவதில்லை. தேதித் தாள்களின் கட்டு எல்லோருக்கும் பொதுவாக ஆயத்தமாக இருக்கும். அவருடைய கடைப்பெயரும் படமும் உள்ள அட்டையை மட்டும் தனியாக அச்சிட்டு, அதன்மேல் கட்டைப் பொருத்திவிடுவார்கள்.

மென்பொருளும் அப்படியே. திரையில் சாளரம் வரைவது, பொத்தானை அழுத்தினால் உணர்வது, அச்சுப்பொறிக்குத் தாள் அனுப்புவது, தேதி கணக்கிடுவது, பெயர்களை வரிசைப்படுத்துவது ஆகியவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவதில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2002ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் டாட் நெட் பிரேம்வொர்க் போன்றவை இவ்வேலைகளை ஆயத்தமாகத் தருகின்றன. நாங்கள் எழுதுவது அட்டை. பிரேம்வொர்க் தருவது தாள்கட்டு.

கட்டின் அளவு அடுத்த ஆண்டு சற்றே மாறினால் பழைய அட்டையில் அது பொருந்தாது. கட்டு இல்லாத கடையில் அட்டை மட்டும் இருந்தால் அது நாட்காட்டியும் ஆகாது. ஒரு மென்பொருள் எந்தப் பதிப்பை நம்பி எழுதப்பட்டதோ, அந்தப் பதிப்பு அந்தக் கணினியில் இருக்க வேண்டும். பதிப்பு மேலாண்மை என்று பெரிதாகப் பேசப்படும் தொல்லையின் வேர் இதுதான்.

எங்களை இந்த வேலைக்கு இழுத்தது

2013ஆம் ஆண்டு அந்த ஜமாஅத் அலுவலகத்தில் புதிய கணினி ஒன்று வாங்கப்பட்டது. அதற்கு முன்பு இருந்த மென்பொருள், 1998இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 6 என்னும் மொழியில் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்தது. எழுதியவர் ஊரை விட்டுப் போய் நெடுநாளாகியிருந்தது. புதிய கணினியில் அதைத் திறந்தால், ஒரு துணைக்கோப்பு பதிவாகவில்லை என்னும் ஒற்றைவரிச் செய்தி மட்டும் வந்து நின்றது. பழைய கணினியில் அந்தத் துணைக்கோப்பு இருந்தது. ஆனால் அக்கணினி பழுதாகிக் கிடந்தது.

அந்த நாள்களில்தான் ஒரு சகோதரி தம் நிக்காஹ் பதிவின் நகலைக் கேட்டு வந்தார். அவருடைய கணவர் பட்டாசுத் தொழிற்சாலை விபத்தில் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இத்தாவில் இருந்த அவர் அலைய நேர்ந்ததற்குக் காரணம், வாரிசு என்று நிறுவுவதற்கான காகிதங்களில் திருமணச் சான்றும் கேட்கப்பட்டதுதான். வேறு ஆள் அனுப்ப அவருக்கு ஆளில்லை.

தரவுக்கோப்பு அழியவில்லை. பழுதான கணினியின் வட்டிலிருந்து அதை எடுத்துத் திறந்தோம். பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் மேற்குறியிட்ட ரோமன் எழுத்துகளின் குவியலாக இருந்தது. அந்தத் தமிழ், குறிப்பிட்ட ஓர் எழுத்துரு இருந்தால் மட்டுமே தமிழாகத் தெரியும் பழைய குறியேற்றத்தில் பதியப்பட்டிருந்தது. எழுத்துருவும் புதிய கணினியில் இல்லை.

அன்று காப்பாற்றியது காகிதம். பழைய இமாம் தம் கையால் எழுதிவைத்த தப்தர் அலமாரியில் இருந்தது. பக்கத்தைத் தேடி எடுத்து, நகலெழுதி, முத்தவல்லி கையொப்பமிட்டுக் கொடுத்தார். அல்ஹம்துலில்லாஹ். அலமாரியில் அந்தப் புத்தகம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாங்கள் இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது குறித்தது என்பதைப் பயான்களில் கேட்டிருக்கிறோம். எழுதப்பட்டது தேவைப்படும் நாளில் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது எழுதுவதன் பொருளிலேயே அடங்கியதல்லவா?

முதல் முடிவு: மிகப் பழைய கணினியே அளவுகோல்

புதிய மென்பொருளை எழுதத் தொடங்கியபோது டாட் நெட் 4.5 வெளிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. எங்களுள் இளையவர் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்றார். அலுவலகத்துக் கணினியில் விண்டோஸ் 7 இருந்தது, அதில் 4.5 இயங்கும். ஆனால் மதரஸாவின் கணக்கு எழுதும் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி இருந்தது. எக்ஸ்பியில் 4.0 வரை மட்டுமே ஏறும். 4.5ஐ அது ஏற்காது. அந்தக் கணினியை மாற்றப் பணம் இல்லை. எனவே 4.0 என்று முடிவு செய்தோம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டாட் நெட் பிரேம்வொர்க்கின் பதிப்புகள் எல்லாம் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. 1.1, 2.0, 4 ஆகியவை ஒரே கணினியில் அருகருகே இருக்கக் கூடியவை. ஒன்று மற்றொன்றைத் தொடாது. 3.0, 3.5 ஆகியவை 2.0இன் மேல் கட்டப்பட்ட மாடிகள். ஆனால் 4.5 வந்தபோது அது 4.0க்கு அருகில் அமரவில்லை, 4.0 இருந்த இடத்திலேயே அதை நீக்கிவிட்டு அமர்ந்தது. அதன்பின் வந்த 4.6, 4.7, 4.8 எல்லாம் அவ்வாறே. எனவே 4.0க்கு என்று எழுதிய எங்கள் மென்பொருள், எக்ஸ்பி கணினியில் உண்மையான 4.0 மீதும், 4.5 ஏறிய மற்றொரு கணினியில் 4.5 மீதும் ஓடியது. பெயர் ஒன்று, அடித்தளம் இரண்டு. ஆகவே ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு கணினிகளிலும் ஓட்டிப் பார்த்த பிறகே அலுவலகத்திற்குக் கொண்டுபோவது என்று வழக்கப்படுத்திக்கொண்டோம். எழுதுபவரின் கணினியில் ஓடுகிறது என்பது சான்றாகாது.

3.5 பற்றியும் நிர்வாகிகள் அறிந்திருப்பது நல்லது. விண்டோஸ் 7இல் அது கூடவே வந்தது. விண்டோஸ் 8 முதல் அது இயல்பாக இயங்கும் நிலையில் இருப்பதில்லை, விருப்பக்கூறாக இருக்கும். பழைய மென்பொருளைச் சொடுக்கினால், 3.5 வேண்டும் என்று கேட்டு இணையத்திலிருந்து இறக்க முற்படும். இணையம் இல்லாத அலுவலகத்தில் அத்துடன் வேலை நின்றுவிடும். விண்டோஸ் நிறுவும் வட்டிலேயே அதற்கான கோப்புகள் இருக்கின்றன. அங்கிருந்து அதை நிறுவிவிடலாம். இது தெரியாமல், "இந்த மென்பொருள் இனி ஓடாது" என்று கைவிடப்பட்ட கடைக்கணக்குகளை எங்கள் சுற்றுவட்டாரத்தில் பார்த்திருக்கிறோம்.

ஆதரவு முடியும் நாள்

"ஓடுவதை ஏன் தொட வேண்டும்?" என்னும் பெரியவர்களின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு தவணை உண்டு. அந்த நாளுக்குப் பிறகு அதில் காணப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை எவரும் அடைக்க மாட்டார்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு அந்த நாள் 2014 ஏப்ரல் 8. டாட் நெட் 4.0, 4.5, 4.5.1 மூன்றுக்கும் 2016 ஜனவரி 12. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14.

தவணை முடிந்த மறுநாள் மென்பொருள் நின்றுவிடாது. அதனால்தான் அந்த நாள் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் எங்கள் பதிவேட்டில் இருப்பவை என்ன? பைத்துல்மாலில் உதவி பெறும் விதவையரின் பெயர்கள், கடன்பட்டோரின் விவரங்கள், மஹர் தொகைகள், கைப்பேசி எண்கள். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியக் கூடாதென்று வாங்குபவரும் கொடுப்பவரும் காத்த செய்திகள் அவை. பென்டிரைவ் வழியாக வைரஸ் சுற்றிவரும் ஓர் ஊரில், ஓட்டை அடைபடாத கணினியில் அவற்றை வைத்திருப்பது அமானத்தைத் திறந்த வாசலில் வைப்பதற்கு ஒப்பாகும்.

மதரஸாவின் எக்ஸ்பி கணினி 2016இல் ஓய்வுபெற்றது. அன்றே 4.0ஐ விட்டு 4.6.2க்கு நகர்ந்தோம். 2019இல் 4.8 வந்ததும் அதற்கு மாறினோம். 4.8க்கு ஒரு சிறப்பு உண்டு: அது விண்டோஸின் ஓர் உறுப்பாகவே கருதப்படுவதால், அது அமர்ந்திருக்கும் விண்டோஸ் பதிப்புக்கு ஆதரவு உள்ளவரை அதற்கும் ஆதரவு உண்டு. விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1 முதல் விண்டோஸ் 11 வரை அது இயங்கும். சிறிய அலுவலகங்களுக்கு இதைவிட நெடிய பாலம் கிடைப்பது அரிது.

தமிழ் எழுத்து படும் பாடு

பழைய பதிவுகளை மீட்டது தனிக்கதை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டில் டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் தரமாக அறிவிக்கப்பட்டன. விஷுவல் பேசிக் 6இன் சாளரக் கூறுகள் யூனிகோட் எழுத்தைக் காட்டும் திறனற்றவை. ஆகவே அக்காலத்தில் தமிழில் மென்பொருள் எழுதியோருக்கு இத்தகைய எட்டுபிட் எழுத்துருக்களை விட்டால் வேறு எளிய வழி இல்லை. அவர்களைக் குறைகூற நாங்கள் முற்படமாட்டோம். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. டாட் நெட் தொடக்கம் முதலே யூனிகோடில் இயங்குவது. பழைய கோப்பின் ஒவ்வொரு எழுத்தையும் யூனிகோட் எழுத்தாக மாற்றும் அட்டவணை ஒன்றை எழுதி, கைத்தப்தருடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தோம். இரண்டு ரமளான்களுக்கு இடைப்பட்ட காலம் முழுவதும் அதற்கே சென்றது.

இங்கும் பதிப்பு குறுக்கிடுகிறது. புதிய வரிசையான டாட் நெட் கோர், அதற்குப் பின்வந்த டாட் நெட் 5 முதலானவை, பழைய விண்டோஸ் எழுத்துக்குறி அட்டவணைகளை இயல்பாக ஏற்பதில்லை. அவற்றைத் தரும் கூறினை மென்பொருளில் ஒரு வரி எழுதிப் பதிவுசெய்தால்தான் பழைய கோப்புகளைப் படிக்கும். அந்த ஒரு வரி இல்லையேல், பிரேம்வொர்க் பதிப்பை மாற்றிய அன்று பழைய கோப்பை மாற்றும் கருவி பாதி வழியில் நின்றுவிடும்.

பெயர் வரிசையும் அவ்வாறே. டாட் நெட் 5க்கு முன்பு, விண்டோஸ் கணினியில் அகரவரிசையை விண்டோஸே தீர்மானித்தது. டாட் நெட் 5 முதல், 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலும் அதற்குப் பிந்தியவற்றிலும், யூனிகோட் கூட்டமைப்பின் பொது நூலகம் தீர்மானிக்கிறது. எனவே ஜ, ஷ, ஸ, ஹ போன்ற எழுத்துகள் நிறைந்த நம் பெயர்கள் இரண்டு முறையிலும் ஒரே வரிசையில் நிற்கும் என்று நம்பிக்கொண்டிருக்க இடமில்லை. பழைய முறைக்கே திரும்பும் அமைப்பு இருக்கிறது. ஆனால் நாங்கள் வேறு வழி கண்டோம். சந்தாப் பட்டியலைத் தெரு, வீட்டு எண், தப்தர் எண் என்னும் வரிசையில் அச்சிடுகிறோம். வீடுவீடாகப் போய் வசூலிப்பவருக்கும் அதுவே வசதி. எண்ணின் வரிசையை எந்தப் பதிப்பும் மாற்றாது.

பிறை யார் கையில்?

எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது ஹிஜ்ரி தேதி. டாட் நெட்டில் இரண்டு ஹிஜ்ரி நாட்காட்டிகள் உள்ளன. ஒன்று, கணித முறைப்படி மாதங்களை வகுப்பது. அதில் இரண்டு நாள்வரை முன்னோ பின்னோ நகர்த்தும் திருத்தம் உண்டு. அத்திருத்தத்தை அது விண்டோஸின் பயனர் அமைப்பிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். மற்றொன்று 2.0 பதிப்பில் சேர்க்கப்பட்ட உம்முல் குரா நாட்காட்டி. சவூதி அரேபியாவின் அதிகாரபூர்வ நாட்காட்டியைப் பின்பற்றுவது. ஒரே மென்பொருள், ஒரே நாள். ஆனால் ஒரு கணினியின் அமைப்பு வேறாக இருந்தால் ஹிஜ்ரி தேதி வேறாகத் தெரியும்.

சிவகாசி நாட்காட்டித் தாளில் அச்சாகும் ஹிஜ்ரி தேதியை நாம் அறிவோம். ஆண்டு பிறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அச்சேறிவிடும் அந்தத் தாளுக்குப் பிறை தெரிந்ததா இல்லையா என்பது தெரிய வழியில்லை. அதை நாம் குறையாகக் கொள்வதில்லை. மாலையில் வரும் அறிவிப்பையே பின்பற்றுகிறோம். மென்பொருளின் நாட்காட்டியும் அதே போன்ற அச்சடித்த தாள்தான். ஆனால் அது திரையில் தெரிவதால், அதற்குக் கூடுதல் அதிகாரம் இருப்பதுபோல் ஒரு தோற்றம் உண்டாகிவிடுகிறது.

பதிவேட்டில் இது விளையாட்டல்ல. கணவரை இழந்த பெண்ணின் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். அம்மாதங்கள் பிறை மாதங்கள். ஸகாத்தின் ஆண்டும் பிறை ஆண்டு. இவற்றை ஒரு பிரேம்வொர்க்கின் கணக்கில் விட்டுவிட நாங்கள் விரும்பவில்லை. ஆகவே எங்கள் மென்பொருள் ஆங்கிலத் தேதியை மட்டுமே சேமிக்கிறது. ஒவ்வொரு ஹிஜ்ரி மாதமும் எந்நாளில் தொடங்கியது என்பதைத் தலைமை காஜியின் அறிவிப்புக்குப் பிறகு இமாம் அவர்களே ஒரு சிறு அட்டவணையில் பதிகிறார்கள். திரையில் தெரியும் ஹிஜ்ரி தேதி அந்த அட்டவணையிலிருந்து வருவது. இன்னும் தொடங்காத மாதத்திற்கு மென்பொருள் தேதி சொல்லாது. "பிறை அறிவிப்புக்குப் பின்" என்று மட்டும் காட்டும். இத்தா முடியும் நாளை இமாமே தீர்மானிக்கிறார்கள். பிரேம்வொர்க்கின் எத்தனையாவது பதிப்பு வந்தாலும் இந்த அட்டவணை மாறாது.

புதியதற்கு ஏன் தாவவில்லை?

இனிப் பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். 2019 செப்டம்பரில் வந்த டாட் நெட் கோர் 3.0 முதல் புதிய வரிசையிலும் விண்டோஸ் மேசைக்கணினி மென்பொருள் எழுத முடிகிறது. இப்போது ஆண்டுதோறும் நவம்பரில் ஒரு பதிப்பு வருகிறது. இரட்டை எண்ணுடையவற்றுக்கு மூன்றாண்டு ஆதரவு. ஒற்றை எண்ணுடையவற்றுக்கு அதனினும் குறைவு. 2021இல் வந்த 6க்கு 2024 நவம்பரில் தவணை முடிந்தது. 2023இல் வந்த 8க்கு 2026 நவம்பரில் முடிகிறது. 2025 நவம்பரில் வந்த 10க்கு 2028 நவம்பர் வரை உண்டு.

புதிய வரிசை வேகமானது. நல்ல வசதிகள் உள்ளது. மறுக்கவில்லை. ஆனால் மூன்றாண்டுக்கு ஒருமுறை அடித்தளத்தை மாற்ற ஆள் வேண்டும். சம்பளம் இல்லாமல், வேலை முடிந்த இரவுகளில் செய்யும் நாங்கள் மூவரும் மூன்றாண்டுக்குப் பின் எங்கிருப்போமென்று அல்லாஹ்வே அறிவான். ஒருவர் வளைகுடா போகலாம், ஒருவர் மவுத்தாகிவிடலாம். மென்பொருள் எங்கள் ஆர்வத்தின் வேகத்தில் மாறினால், நாங்கள் இல்லாத நாளில் அது 2013இன் நிலைக்கே திரும்பும்.

மாற்றும்போது சிறு தொல்லைகளும் உண்டு. புதிய வரிசையில் சாளரங்களின் இயல்பு எழுத்துரு மாறிவிட்டது; அளவு சற்றே பெரிதானதால் பழைய படிவங்களில் கட்டங்கள் இடம் பெயரும். நிக்காஹ் சான்றிதழ் அச்சிடும் படிவத்தில் சாட்சியின் பெயர் அடுத்த வரிக்குப் போனால் அதையும் எவரேனும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பழைய பிரேம்வொர்க்குக்கென்றே செய்யப்பட்ட சில அச்சுக் கருவிகள் புதியதில் வேலை செய்வதில்லை.

புதிய வரிசையில் பிரேம்வொர்க்கை மென்பொருளோடு சேர்த்தே கட்டிக்கொடுக்கும் வழியும் இருக்கிறது. அட்டையோடு தாள்கட்டையும் ஒட்டிக் கொடுப்பது போல. எந்தக் கணினிக்குப் போனாலும் பதிப்பு இல்லையே என்னும் கவலை இராது. இணையமில்லாத ஊருக்கு ஏற்றது. ஆனால் சில மெகாபைட்டாக இருந்தது நூறு மெகாபைட்டைத் தாண்டும். அதைவிட முக்கியமாக, பாதுகாப்புத் திருத்தங்கள் விண்டோஸ் வழியாகத் தாமாக வந்து சேரா. நாங்களே மறுபடி கட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வசதியோடு பொறுப்பும் நம் தோளுக்கு வந்துவிடுகிறது.

எனவே நடுவழி ஒன்றைத் தேர்ந்தோம். சந்தாக் கணக்கு, மாத அட்டவணை, எழுத்து மாற்றம் போன்ற உள்வேலைகளை டாட் நெட் ஸ்டாண்டர்ட் 2.0 என்னும் பொது அளவுக்கு எழுதித் தனியே பிரித்துவிட்டோம். அது பழைய 4.8இலும் ஓடும்; புதிய 10இலும் ஓடும். திரைகளும் அச்சும் மட்டும் இப்போதைக்கு 4.8இல் இருக்கின்றன. அலுவலகத்துக் கணினி பழையது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு அதில் இல்லை. நிர்வாகம் புதிய கணினி வாங்கத் தீர்மானித்திருக்கிறது. அது வந்தபின் திரைகளை நிதானமாக நகர்த்துவோம், இன்ஷா அல்லாஹ்.

நாங்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு

பிற ஜமாஅத்துகளுக்கும் சிறு தொழில் நடத்துவோருக்கும் பயன்படலாம் என்பதால் எங்கள் வழக்கங்களைச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது: அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். விண்டோஸ் பதிப்பு, பிரேம்வொர்க் பதிப்பு, தரவுத்தளப் பதிப்பு, ஒவ்வொன்றின் தவணை முடியும் நாள். முத்தவல்லி அதைப் பார்த்தே, "அடுத்த வருஷம் இதுக்குச் செலவு வருமோ?" என்று கேட்கிறார்கள். பதிப்பைப் பற்றிய கவலை கணினி அறிந்தவரோடு நின்றுவிடாமல் நிர்வாகத்தின் கணக்கில் ஏற வேண்டும்.

இரண்டாவது: ஷஅபான் தொடங்கி ஷவ்வால் முடியும்வரை எந்த மாற்றமும் இல்லை. ஸகாத், ஃபித்ரா வசூல் நடக்கும் காலம் அது. பட்டாசுக் கடைக்காரர் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் தம் பில் மென்பொருளைத் தொடாதிருப்பதும் இதே அறிவுதான்.

மூன்றாவது: நிறுவுவதற்கு வேண்டியவை யாவும் இரண்டு பென்டிரைவில் இருக்கின்றன. இணையமின்றியே நிறுவக்கூடிய பிரேம்வொர்க் கோப்பு, எழுத்துரு, மென்பொருள், படிப்படியான தமிழ்க் குறிப்பு. ஒன்று அலுவலகத்தில், ஒன்று வேறொரு வீட்டில். ஆண்டுக்கு ஒருமுறை, எங்களைச் சாராத ஒரு மாணவரிடம் அதைக் கொடுத்து வெறுங்கணினியில் நிறுவச் சொல்கிறோம். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் குறிப்பைத் திருத்துகிறோம்.

நான்காவது: மூலநிரல் எங்களிடம் மட்டும் இல்லை. எந்தக் கருவியின் எந்தப் பதிப்பில் கட்டப்பட்டது, எந்தத் துணைநூலகத்தின் எந்தப் பதிப்பு என்னும் விவரத்தோடு ஜமாஅத்திடம் ஒப்படைத்திருக்கிறோம். எங்களுக்குப் பின் வருபவர் எங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஐந்தாவது: ஆண்டு முடிவில் முழுப் பதிவேட்டையும் எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய எளிய யூனிகோட் உரைக்கோப்பாக எடுத்துவைக்கிறோம். நிக்காஹ் தப்தரைத் தாளில் அச்சிட்டுக் கட்டி, கையொப்பம் வாங்கி, அந்தப் பழைய கைத்தப்தர் இருக்கும் அதே அலமாரியில் வைக்கிறோம். எங்கள் மென்பொருள் நாளை அடியோடு நின்றாலும் பதிவேடு நிற்காது.

நிறைவாக

மிகப் பழைய கணினியில் ஓடுமா, தவணை எதுவரை, நாம் இல்லாதபோது இதை மாற்றவல்லவர் கிடைப்பாரா ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் எந்தப் பதிப்பென்பது தானே தெளிந்துவிடும். அவ்விடை சில ஆண்டு பழையதாகவும் இருக்கலாம். நேற்று வந்ததாகவும் இருக்கலாம்.

உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் அலுவலகத்திலும் ஒரு கணினி இருக்கும். உங்கள் வீட்டில் கணினி படித்த பிள்ளை இருந்தால், அடுத்த விடுமுறையில் அங்கே அனுப்பிவையுங்கள். புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். அதில் எந்த விண்டோஸ் இருக்கிறது, பதிவேடு எந்தப் பதிப்பின் மேல் ஓடுகிறது, கடைசியாக நகல் எடுத்தது எப்போது, அந்த நகலை வேறு கணினியில் திறந்து பார்த்தார்களா என்று கேட்டு ஒரு தாளில் எழுதி நிர்வாகியிடம் கொடுக்கட்டும். ஒரு மணிநேர வேலை. பல குடும்பங்களின் காகிதங்கள் அந்த ஒரு மணிநேரத்தை நம்பியிருக்கக் கூடும்.

வஸ்ஸலாம்.